ஆர்எக்ஸ் 100: கள்ளிக்குடி தாண்டுவதற்குள் இரண்டு தடவை பிஸ்டன் பிடித்துவிட்டது

திருமங்கலம் 100
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். வண்டி 1992 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், டூ ஸ்ட்ரோக். அப்பா புதிதாக எடுத்தது. பத்து வருடத்துக்கு மேல் விடியற்காலை நாலு மணிக்கு மல்லிகை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மதுரை பூ மார்க்கெட்டுக்குப் போய்வந்தது இதில்தான். அப்புறம் கொட்டகையில் நின்றுவிட்டது. போன வருடம் நான் வெளியே எடுத்தேன்.

செய்த வேலை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லேத்தில் போர் அடித்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். இன்னொரு கடையில் எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் ஜன்னல்) உயர்த்தி அகலப்படுத்தினார்கள், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையும் சீவினார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர், பழைய சைலன்சருக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் பருத்து, பின்னால் கூம்பாகச் சுருங்குகிற புகைக் குழாய்). ஆயில் பம்பை எடுத்துவிட்டு பெட்ரோலிலேயே லிட்டருக்கு 25 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்கிறேன்.

300 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டிய பிறகு நாலுவழிச் சாலையில் விருதுநகர் பக்கம் போனேன். கள்ளிக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், முக்கால் ஆக்சிலேட்டரில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் மாறியது, பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒட்டிப் பிடித்து, பின் சக்கரம் அப்படியே இழுத்தது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. ஆறிய பிறகு கிக் இறங்கியது, ஸ்டார்ட்டும் ஆனது. மெயின் ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை) இரண்டு படி ஏற்றி, ஆயிலை 40 மில்லியாக்கி இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடியும் பிடித்தது. இந்த முறை கம்ப்ரஷன் போய்விட்டது.

இன்னொன்று. கீழே பிக்கப்பே இல்லை. இரண்டாவது கியரில் முறுக்கி மேலே போனால்தான் திடீரென்று எகிறுகிறது. பவருக்காகத்தான் இத்தனையும் செய்தேன். அடுத்து என்ன செய்யலாம்?

மேலூர் மேடு
ஞாயிறு, இரவு 9.32

கார்பரேட்டர் பத்தவில்லை. போர்ட்டிங்கும் சேம்பரும் போட்ட வண்டிக்குக் கம்பெனி கார்பரேட்டர் எப்படிக் காணும்? 24 மி.மீ. போடுங்கள், மெயின் ஜெட்டைப் பெரிதாக்குங்கள். என் ஆர்எக்ஸ் 135-க்கு அப்படித்தான் செய்தேன், நன்றாகப் போகிறது. கொஞ்சம் புகை அதிகம், அவ்வளவுதான்.

பழைய டூ ஸ்ட்ரோக்
ஞாயிறு, இரவு 10.05

தம்பி, எதுவும் வாங்காதீர்கள். 31 வருடம் டூ ஸ்ட்ரோக் மட்டுமே பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பிடித்த பிஸ்டன் குப்பைக்குப் போகிற சாமான் இல்லை, அது சாட்சி. அதைக் கழுவாமல், தேய்க்காமல் எடுத்து வையுங்கள்.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உரசல் தடம் எந்தப் பக்கம்? எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் சூடு, லீன், அதாவது கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைவது. நாலு மூலையிலும் சமமாக நாலு கோடு என்றால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் கேப் பத்தவில்லை, அல்லது ஆறிய இன்ஜினை உடனே முறுக்கியது. சுற்றிலும் உரசியிருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் என்ன நிறம்? அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளி இருக்கிறதா? சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் ஐட்லிங் உடனே இறங்குகிறதா, தொங்கிக்கொண்டு நின்று மெதுவாக இறங்குகிறதா?

திருமங்கலம் 100
திங்கள், காலை 7.20

பார்த்துவிட்டேன் ஐயா. உரசல் எக்ஸாஸ்ட் பக்கம்தான், மேல் ரிங் பள்ளத்திலேயே அலுமினியம் இழுபட்டு ரிங் ஒட்டிக்கிடக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சுத்தம். பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கருப்பும் வெள்ளியுமாகப் பொடிப் புள்ளிகள் இருக்கின்றன.

ஐட்லிங் பற்றி நீங்கள் கேட்டது ஆச்சரியமாக இருந்தது. அதை நான் எழுதவே இல்லை. ஆமாம், நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்சிலேட்டரை விட்டால் நாலைந்து நொடி இரைந்துகொண்டே நின்றுதான் இறங்கும். கேபிள் இறுக்கம் என்று நினைத்துக் கேபிளை மாற்றினேன். மாறவில்லை.

பழைய டூ ஸ்ட்ரோக்
திங்கள், காலை 8.02

எங்கிருந்தோ காற்றை இழுக்கிறது. கார்பரேட்டர் வழியாக வராத காற்று. அதற்கு ஜெட்டில் மருந்து கிடையாது. நீங்கள் ஜெட்டை ஏற்ற ஏற்ற ஓட்டையும் வளரும்.

பிளக் புள்ளி வேறு கதை. பிஸ்டன் தலையிலிருந்து அலுமினியம் உருகித் தெறித்தது அது. டெட்டனேஷன், அதாவது கலவை முறையாக எரியாமல் மூலையில் தானாக வெடிப்பது. ஹெட்டைச் சீவியதில் என்ன அளவு விட்டார்கள் என்று கேட்டீர்களா?

வத்தலக்குண்டு வளைவு
திங்கள், காலை 9.15

வெயிலை யாரும் சொல்லவில்லையே. சித்திரை வெயிலில் கலவை லீன் ஆகும், மதுரைப் பக்கம் ஜெட்டைக் கண்டிப்பாக ஏற்றித்தான் வைக்க வேண்டும்.

பழைய டூ ஸ்ட்ரோக்
திங்கள், மதியம் 1.30

இது பலருக்கும் இருக்கிற குழப்பம். சூடான காற்று லேசானது. மார்கழி விடியலில் 20 டிகிரி, சித்திரை மதியம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மதியக் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 6 சதவீதம் எடை குறைவு. காற்று குறைந்தால் கலவை கெட்டியாகத்தான் ஆகும், லீன் ஆகாது. வெயிலில் இன்ஜின் ஆறுவது சிரமம், அது உண்மை. ஆனால் லீன் ஆவது மார்கழிக் காலையில். ஜெட்டை மதியம் செட் செய்துவிட்டு விடியற்காலை முறுக்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், கையில் பிஸ்டனோடு.

உங்கள் பக்கத்துக்கே ஒன்று சொல்கிறேன். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. வண்டி புகைகிறது, இழுக்கவில்லை என்று மேலே ஜெட்டைக் குறைத்துவிட்டு, அப்படியே வத்தலக்குண்டுக்கு இறங்கி நாலுவழிச் சாலையைப் பிடித்தால் என்ன ஆகும்? மேலே சரியாக இருந்த ஜெட் கீழே லீன். இறக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்ரோலில் ஆயில் கலக்கிற வண்டியை ஆக்சிலேட்டர் மூடி, கியரிலேயே கொண்டைஊசி வளைவுகளில் இறக்கினால், இன்ஜின் சுற்றுகிறது, பெட்ரோல் போகவில்லை, அதனால் ஆயிலும் போகவில்லை. இடையிடையே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து விட வேண்டும்.

வத்தலக்குண்டு வளைவு
திங்கள், மதியம் 2.10

அண்ணே, அந்த இறக்கத்துச் சமாசாரம் என் மச்சான் வண்டிக்கு அப்படியே நடந்தது. ஆயில் கலக்கவில்லை என்று பெட்ரோல் ஊற்றிய பையனைத் திட்டிக்கொண்டிருந்தோம். நன்றி.

பாலைவனத்து உசிலை
திங்கள், இரவு 11.40

ஊர் உசிலம்பட்டி. வளைகுடாவில் மணல்மேட்டு வண்டிகள் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் 9 வருடமாக இருக்கிறேன். இங்கே டூ ஸ்ட்ரோக் குவாட் என்றால் யமஹா பான்ஷீதான். நாலு சக்கரம், 347 சிசி, 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், தண்ணீரில் ஆறுகிற இன்ஜின். 1987 மாடலாக வந்து அமெரிக்காவில் 2006 வரை விற்றது. ஆர்டி 350 எல்சி வழி வந்த இன்ஜின் என்பதால் உங்கள் ஆர்எக்ஸுக்குப் பெரியப்பா மகன் முறை. நோயும் அதே நோய்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு பான்ஷீ வந்தது. மூன்று முறை பிஸ்டன் போயிருக்கிறது, மூன்று முறையும் இடது பிஸ்டன் மட்டும். உரிமையாளர் கார்பரேட்டர் மாற்றியிருந்தார், ஜெட் மாற்றியிருந்தார், பைப்பும் புதிது. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே ஜெட், ஒரே பெட்ரோல், ஒரே ஆயில். அப்படியிருந்தும் இடது மட்டும் ஏன் போகிறது? இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி கிராங்க் அறை, அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுற்றுகிற அறை. இடது அறையின் ஓரத்தில் மேக்னட் (கிராங்க் நுனியில் சுற்றி மின்சாரம் தருவது), அதற்குப் பின்னால் கிராங்க்கைச் சுற்றி அடைக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீல். அந்தச் சீலின் உதடு காய்ந்து கொட்டாங்குச்சி மாதிரி ஆகிவிட்டது. ஆக்சிலேட்டர் மூடியபோதெல்லாம் அது வழியாகக் காற்று. அதோடு இரண்டு இன்டேக் ரப்பரையும் இணைக்கிற சிறு குழாயிலும் ஒரு வெடிப்பு.

ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஒப்பிட்டுப் பார்க்க அண்ணன் தம்பி இல்லை, அதுதான் சிரமம். இன்ஜினின் வாய்களை அடைத்து உள்ளே காற்றடித்து, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேலூர் மேடு
செவ்வாய், காலை 6.50

பான்ஷீக்கு அங்கே என்ன ஜெட் வைக்கிறீர்கள் அண்ணே? மணலில் ஓட்டுவதற்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் உண்டா?

பாலைவனத்து உசிலை
செவ்வாய், இரவு 10.15

நிறைய உண்டு. ரோட்டில் முழு ஆக்சிலேட்டர் எத்தனை நொடி பிடிக்கிறீர்கள்? மணல்மேட்டில் அடியிலிருந்து உச்சிவரை விடவே முடியாது, மணல் சக்கரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ரோட்டில் சரியாக இருக்கிற மெயின் ஜெட் மணலுக்குப் பத்தாது. அப்புறம் ஃபில்டர். எண்ணெய் தடவாத ஃபில்டரோடு ஒரு சாயங்காலம் ஓட்டினால் போதும், பிஸ்டனின் இன்டேக் பக்கம் மணல் தாளால் தேய்த்ததுபோல மங்கிவிடும். கூம்பு ஃபில்டர் போட்டிருக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். கம்பெனி ஃபில்டர் பெட்டி ஒரு இடைஞ்சல் இல்லை. காற்று அமைதியாக வந்து நிற்க ஓர் அறை அது.

திருமங்கலம் 100
புதன், இரவு 9.48

காற்றடித்துப் பார்த்தேன். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

பம்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது உசிலை அண்ணன் தனிச்செய்தியில் சொன்னார்: இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. அதன் முள் 300 வரை போகும். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 5.8 பிஎஸ்ஐ, டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸைச் சோதிக்க அதுவே போதுமான அழுத்தம். பஞ்சர் கடைக் காற்றை நேராக அடித்தால் நல்ல சீலையும் பிதுக்கிவிடும். அக்கா நர்ஸ், அவளிடம் கைப்பட்டை கிழிந்த பழைய கருவி ஒன்று கிடந்தது. அதன் ரப்பர் உருண்டையையும் மீட்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிடித்த பிஸ்டனை எடுத்துவிட்டுப் பழைய பிஸ்டனைச் சும்மா மாட்டி, சிலிண்டரை முடுக்கினேன். எக்ஸாஸ்ட் வாயில் லாரி டியூபை வெட்டி வைத்து, மேலே இரும்புப் பட்டை போட்டு இரண்டு போல்ட்டில் இறுக்கினேன். கார்பரேட்டர் மாட்டுகிற ரப்பருக்குள் ஒரு மரக்கட்டையைக் கடைந்து அடைத்து, அதன் நடுவில் சைக்கிள் டியூப் வால்வு. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தேன், அப்போதுதான் சிலிண்டரும் கேஸும் ஒரே அறையாக இருக்கும். உருண்டையை அமுக்கினேன். முள் 300-க்கு வந்தது. கையை எடுத்ததும் இறங்க ஆரம்பித்தது. 40 நொடியில் பூஜ்யம்.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தேன். ஹெட்டில் ஒன்றும் இல்லை. இன்டேக் ரப்பரில் இல்லை. ஆயில் பம்ப் குழாயை அடைத்த இடத்தில் இல்லை. சிலிண்டர் அடிப் பேக்கிங்கில் பின்பக்கம் கடுகு மாதிரி ஒரு குமிழி, விட்டுவிட்டு வந்தது. இவ்வளவு வேகமாக இறங்க அது போதாது. புல்லர் வைத்து மேக்னட்டைக் கழற்றி, பிளேட்டையும் எடுத்துவிட்டு, கிராங்க் வெளியே வருகிற இடத்தில் பிரஷ்ஷை வைத்தேன். இட்லிப் பானையில் ஆவி வருகிற மாதிரி நுரை பொங்கியது. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா அத யாரும் தொடல" என்றார்.

பிஸ்டன், ரிங், போர், போர்ட், பைப் எல்லாம் மாற்றினேன். கைக்கு அடக்கமான அந்தச் சீலை யாருமே மாற்றச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய டூ ஸ்ட்ரோக்
புதன், இரவு 10.30

நல்ல வேலை தம்பி. முறையாகச் செய்திருக்கிறீர்கள்.

சீலை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். கிராங்க்கைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் புதுச் சீலின் உதட்டையும் அது தின்றுவிடும். ஆட்டம் இருந்தால் கேஸைப் பிரித்து இரண்டு பேரிங், இரண்டு சீல் போட்டு, கிராங்க்கை டயல் கேஜ் வைத்து நிமிர்த்துங்கள். 0.03 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் ஈயக்கம்பி சோதனை செய்யுங்கள், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் எவ்வளவு இடுக்கு என்று தெரியும். ரேடியோக்காரர் பற்றவைக்கிற ஈயக்கம்பி போதும். பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, கிக்கைக் கையால் மெதுவாக அமுக்கி ஒரு சுற்று. நசுங்கிய நுனியை வெர்னியரில் அளக்க வேண்டும். பிஸ்டனுக்குள் குறுக்கே போகிற இரும்புப் பின் (ஊசி) இருக்கிற கோட்டில், இடது, வலது இரண்டு பக்கமும். முன் பின்னாக அளந்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும்.

அப்படியே எக்ஸாஸ்ட் போர்ட் அகலத்தையும் அளந்து எழுதுங்கள்.

திருமங்கலம் 100
வியாழன், இரவு 8.55

ஈயக்கம்பி: ஒரு பக்கம் 0.60, மறுபக்கம் 0.90. மூன்று தடவை பார்த்தேன், மாறவில்லை.

எக்ஸாஸ்ட் போர்ட் அகலம் 37 மி.மீ. பழைய சிடி ஒன்றில் 360 டிகிரி தாளை ஒட்டி கிராங்க்கில் மாட்டிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் திறந்ததிலிருந்து மூடும்வரை கிராங்க் சுற்றுவது 197 டிகிரி. கிராங்க்கில் ஆட்டம் இருக்கிறது.

பழைய டூ ஸ்ட்ரோக்
வியாழன், இரவு 10.20

ஹெட்டைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இடுக்கு நெருக்கம், மறுபக்கம் அகலம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, 0.9-லிருந்து 1 மி.மீ.-க்குள் வந்தால் கலவை ஓரங்களிலிருந்து நடுவுக்குப் பிதுங்கி வேகமாக எரியும். உங்களுக்குக் காற்று ஓட்டையும் கோணல் ஹெட்டும் சேர்ந்துகொண்டன.

அகலம்தான் எனக்குக் கவலை. உங்கள் போர் 50.5 மி.மீ. அதில் 37 என்றால் 73 சதவீதம். நடுவில் பாலம் இல்லாத போர்ட்டுக்கு 70 என்பதே பந்தய வண்டிக்காரன் எல்லை. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 65-க்குள் நிற்க வேண்டும், அதாவது 32, 33 மி.மீ. அதற்கு மேல் போனால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும். ஒருநாள் மாட்டிக்கொள்ளும். அறுத்த போர்ட்டை ஒட்ட முடியாது. வேறு பேரல் (சிலிண்டர்) பாருங்கள்.

பாலைவனத்து உசிலை
வியாழன், இரவு 11.58

197 டிகிரியைப் பார்த்ததும் பிக்கப் ஏன் இல்லை என்று தெரிந்துவிட்டது. கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எளிதுதான்.

எக்ஸாஸ்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பின் கூம்பில் மோதித் திரும்பி வந்து, போர்ட் மூடுவதற்குச் சற்று முன், வெளியே தப்பிய புதுக் கலவையை உள்ளே தள்ள வேண்டும். சேம்பர் பவர் கொடுப்பது இதனால்தான், சத்தத்தால் இல்லை. சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 510 மீட்டர் ஓடும். போய்வரும் நேரமும் போர்ட் திறந்திருக்கும் நேரமும் பொருந்த வேண்டும். சுருக்கினால்: 42,500-ஐ டிகிரியால் பெருக்கி, பைப் நீளத்தால் வகுத்தால் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) அது வேலை செய்யும் என்று வரும். நீளத்தைப் பிஸ்டன் முகத்திலிருந்து பின் கூம்பின் நடுவரை மி.மீ.-இல் அளக்க வேண்டும்.

உங்கள் பைப் எவ்வளவு?

திருமங்கலம் 100
வெள்ளி, காலை 7.05

நூல் வைத்து வளைவோடு அளந்தேன். 810 மி.மீ.

பாலைவனத்து உசிலை
வெள்ளி, மாலை 4.30

அப்படியானால் 10,300-க்கு மேல். ஆர்எக்ஸ் 100 கம்பெனியிலிருந்து வரும்போது 11 குதிரைத்திறன் 7,500-இல். 50 மி.மீ. போரும் 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள இந்த இன்ஜினை 10,300-க்குக் கொண்டுபோனால்தான் உங்கள் பைப் முழு வேலை செய்யும். அதற்குக் கீழே அலை சீக்கிரமே திரும்பி வந்து தப்பான நேரத்தில் முட்டும். ஊருக்குள் ஓட்ட 185 டிகிரி, 8,500 ஆர்பிஎம் என்று வைத்தால் நீளம் 925 மி.மீ. வர வேண்டும். யாரோ பந்தயத்துக்குச் செய்த பைப் உங்களிடம் வந்திருக்கிறது.

மேலூர் மேடு
வெள்ளி, இரவு 8.12

சட்டப்படி இதெல்லாம் செய்யலாமா? ஆர்சி புதுப்பிக்கக் கொடுக்கும்போது சேம்பரைப் பார்த்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பழைய டூ ஸ்ட்ரோக்
வெள்ளி, இரவு 9.00

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. பந்தயத் தளத்தில் ஓட்டுகிற வண்டி வேறு. ரோட்டு வண்டிக்கு நான் கம்பெனி சைலன்சரைத்தான் சொல்வேன், அதுவும் உள்குழாயை எடுத்துக் கரியைச் சுத்தமாக எரித்துத் தட்டிய பிறகு. பாதி ஆர்எக்ஸ் வண்டிகளில் போன பவர் அந்தக் கரியில்தான் இருக்கிறது.

திருமங்கலம் 100
ஞாயிறு, காலை 10.40

பழைய சாமான் கடையில் போர்ட் தொடாத பேரல் ஒன்று கிடைத்தது. 0.25-க்கு அடிக்கலாம் என்றார்கள். இரண்டு கேள்வி. போர் அடித்த பிறகு நான் என்ன பார்க்க வேண்டும்? ஜெட், பிளக் எதிலிருந்து தொடங்குவது? இந்த முறை அவசரப்படப் போவதில்லை. அப்பாவும் அதையே சொல்கிறார்.

பழைய டூ ஸ்ட்ரோக்
ஞாயிறு, மதியம் 12.25

பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் 0.04-லிருந்து 0.05 மி.மீ. இடைவெளி. காற்றில் ஆறுகிற சின்ன இன்ஜினுக்கு அது பொருத்தம். வாங்கி வந்ததும் போர்ட் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி இருந்தால் லேத்தில் மழுக்காமல் கொடுத்துவிட்டார்கள். சின்ன எண்ணெய்க் கல்லால் நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பையும் மெல்ல உருட்டி விடுங்கள், மேலும் கீழும் கூடுதல் கவனம். ஒரு மணி நேர வேலை. இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் ரிங்கை உடைக்கிறார்கள். பிஸ்டன் தலையில் இருக்கிற அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ஊசியைப் பிடிக்கிற பழைய சர்க்கிளிப்பை மறுபடி போடாதீர்கள்.

பவர் வேண்டும் என்றீர்கள். அடிப் பேக்கிங் கேஸ் வாயை மறைக்கிறதா என்று பாருங்கள், மறைத்த இடத்தை வெட்டி வாயும் வாயும் பொருத்துங்கள். டிரான்ஸ்ஃபர் வழியில் (கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகிற வழி) வார்ப்பு முடிச்சு இருந்தால் தேய்த்து எடுங்கள், வடிவத்தை மாற்றாதீர்கள். உள்ளே போன கலவை திரும்பாமல் தடுக்கிற ரீட் வால்வு இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நுனி பிளந்திருந்தால் மாற்றுங்கள். ஹெட்டை நேராக்கி 0.9 வையுங்கள். இவ்வளவும் செய்த ஆர்எக்ஸ் 100, அகல போர்ட் வண்டியை ஊருக்குள் எந்தச் சிக்னலிலும் விட்டுப் போகும்.

ஜெட்டுக்கு வருகிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1992-இல் உங்கள் அப்பா போட்டது அது இல்லை. சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கலந்த பெட்ரோலுக்கு 13.5 அளவில் வருகிறது. அப்படியானால் பழைய ஜெட்டில் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் லீன். கம்பெனி ஃபில்டர் பெட்டியை மறுபடி போட்டாலும் மெயின் ஜெட்டை அந்த அளவுக்கு ஏற்றித்தான் தொடங்க வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஆயிலை 40 மில்லி ஆக்கினீர்களே, அதுவும் லீன் பக்கம்தான் தள்ளும். ஒரு லிட்டரில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. 15 மில்லி என்பது ஒன்றரை சதவீதம்தான், பெரிது இல்லை, ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நின்ற வண்டி. பம்ப் இருந்தால் திரும்பப் போடுங்கள். சுற்றுக்கும் ஆக்சிலேட்டருக்கும் தகுந்த மாதிரி ஊற்றுகிற பம்பை எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

பிளக் என்ன போட்டிருந்தீர்கள்?

திருமங்கலம் 100
ஞாயிறு, மதியம் 1.05

போஷ். முதல் தடவை பிடித்த பிறகு குளிர்ந்த பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது) போடலாம் என்று ஓர் எண் கூட்டி வாங்கினேன்.

பழைய டூ ஸ்ட்ரோக்
ஞாயிறு, மதியம் 1.18

என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். போஷ்-இல் நேர் எதிர், எண் குறைந்தால்தான் குளிர்ந்தது. நீங்கள் இன்னும் சூடான பிளக்கைப் போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். பழையபடி கம்பெனி சொன்ன எண்ணுக்கு வாருங்கள்.

அப்புறம் ஒன்று மறந்துவிட்டேன். பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பாட்டிலில் பிடியுங்கள், டேங்க் மூடியை மூடிக்கொண்டே. 200 மில்லிக்குக் குறையக் கூடாது. மூடியின் காற்று ஓட்டை அடைத்திருந்தால் ஊருக்குள் தெரியாது, நாலுவழிச் சாலையில்தான் தெரியும்.

திருமங்கலம் 100
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.20

முடிந்தது. இரண்டு பேரிங், இரண்டு சீல், பேரல், ஹெட், கம்பெனி ஃபில்டர் பெட்டி, சைலன்சர், ஆயில் பம்ப். மூடுவதற்கு முன் மறுபடி காற்றடித்தேன். 300-இல் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் கழித்து 280.

500 கிலோமீட்டர் வரை அரை ஆக்சிலேட்டரைத் தாண்டவில்லை. இன்று காலை ஐந்தரைக்கு, காற்று குளிர்ந்திருக்கும்போதே கள்ளிக்குடிக்குப் போனேன். முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம், அப்படியே சாவியை அணைத்து கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றினேன். பீங்கானின் அடிவேரில் பழுப்பு வளையம், காபித்தூள் நிறம். புள்ளி ஒன்றுகூட இல்லை. கப்பலூர் மேம்பாலத்தில் மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டிய வண்டி நாலிலேயே ஏறியது.

வீட்டு வாசலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை விட்டேன். உடனே இறங்கியது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் அவரே இரண்டு முறை முறுக்கி விட்டுப் பார்த்தார்.

பாலைவனத்து உசிலை
சனி, இரவு 11.50

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. ஆடிக்கு ஊருக்கு வருகிறேன், ஒரு ரவுண்டு கொடுங்கள்.

மேலூர் மேடு
ஞாயிறு, காலை 8.35

நானும் பி.பி. கருவி வாங்கி என் 135-இல் அடித்துப் பார்த்தேன். 300-லிருந்து ஒரு நிமிடத்தில் 120. மேக்னட் பக்கம் சோப்பு வைத்தேன், ஒரு குமிழி இல்லை. வெளியே எங்கும் குமிழி இல்லை. காற்று எங்கே போகிறது ஐயா?

பழைய டூ ஸ்ட்ரோக்
ஞாயிறு, காலை 9.10

உள்ளே. புகை அதிகம் என்று முதல் நாளே எழுதினீர்களே. கிளட்ச் பக்கச் சீல் போயிருக்கிறது. கியர் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, வாயில் சோப்புப் படலம் ஒன்றை இழுத்துவிட்டு மறுபடி 300-க்கு அடியுங்கள். படலம் உப்பினால் சந்தேகமே வேண்டாம். அந்தச் சீல் வழியாக இன்ஜின் கியர் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. வடிப்பான் போல்ட்டைக் கழற்றி, எவ்வளவு வடிகிறது என்று அளவுக் குவளையில் பிடித்து எழுதுங்கள், நீங்கள் கடைசியாக ஊற்றிய அளவையும் சேர்த்து.

மேலூர் மேடு
ஞாயிறு, காலை 9.52

உப்பியது ஐயா. எலுமிச்சை அளவுக்கு வந்து வெடித்தது. ஆயிலில் 200 மில்லி குறைகிறது. கேஸைப் பிரிக்க நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன்.